ஃபேன ஆஃப் பண்ணச் சொன்ன அம்மா

2023 மே 13. அங் மோ கியோல 37 டிகிரி அடிச்சுது, 1983க்கு அப்பறம் சிங்கப்பூர்ல அவ்ளோ சூடு பதிவானதே இல்லன்னு நியூஸ்ல சொன்னாங்க, உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். எங்க வீடு யீஷூன்ல பதினோராவது மாடி, ஹால் மேற்கு பாத்தது, மூணு மணிக்கு மேல வெயில் ஜன்னல் வழியா நேரா உள்ள வந்துரும். அந்த ஹால்ல, அந்த நேரத்துல, எங்கம்மா முழுக்கை ஸ்வெட்டர் ஒண்ண மாட்டிக்கிட்டு சோபா ஓரத்துல கால மடக்கி உக்காந்துகிட்டு "அந்த ஃபேன கொஞ்சம் ஆஃப் பண்ணேன்டி, குளிருது"ன்னாங்க.

நான் கத்திட்டேன். "வீட்டுல எல்லாரும் வேர்த்து ஊத்திக்கிட்டு கெடக்கோம், உனக்கு மட்டும் என்னம்மா தனியா குளிரு, எழுந்து நாலு நட நடந்தா தன்னால உடம்பு சூடாகும்"னு. அடுத்த நாள் அன்னையர் தினம், ஃபிரிட்ஜுல கேக் வேற வாங்கி வச்சிருந்தேன். அம்மா ஒரு வார்த்தை திருப்பிப் பேசல, மெல்ல எழுந்து ரூமுக்குப் போய் கதவ சாத்திக்கிட்டாங்க. அந்தக் கதவு சாத்துன சத்தம் இன்னும் காதுல இருக்கு.

எங்கம்மா யாருன்னு சொன்னா தான் இது புரியும். இருபது வருஷம் ஸ்கூல் கேன்டீன்ல கடை போட்டவங்க. காலைல நாலு மணிக்கு எழுந்து, ஆறரைக்குள்ள மீ கோரெங்கும் சம்பாலும் ரெடி பண்ணி, இடைவேளை மணி அடிச்சதும் வர்ற பிள்ளைங்க கூட்டத்துக்கு நின்ன கால்லயே பரிமாறி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்களுக்கும் சமைச்சவங்க. அப்பேர்ப்பட்ட ஆளு 60 வயசுல கடைய விட்டாங்க, அதுக்கப்பறம் ஒரு வருஷத்துக்குள்ள மதியம் மூணு மணி நேரம் தூங்க ஆரம்பிச்சாங்க, ராத்திரி ஒன்பதுக்கே திரும்பவும் படுத்துருவாங்க. முகம் ஊதிப் போச்சு. குளிச்ச பாத்ரூம்ல முடி கொத்துக் கொத்தா கெடக்கும். அரிசியக் கழுவி குக்கர்ல போட்டுட்டு சுவிட்ச் போட மறந்துட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு மூடியத் தொறந்து பாத்து அப்படியே நிப்பாங்க. குரல் கட்டையாகிப் போச்சு, ஊர்லேருந்து பெரியம்மா போன் பண்ணா அம்மா "ஹலோ"ன்னதும் "யாரு, மாப்பிள்ளையா? தங்கச்சி இல்லியா?"ன்னு கேக்கற அளவுக்கு.

இதுக்கெல்லாம் எங்க வீட்டுல ஒரே ஒரு வியாக்கியானம் தான் இருந்துச்சு. "வேலைய விட்டதும் உடம்பு சொகுசு கண்டுக்கிச்சு." அப்பா சொன்னார், மாமா வீட்டுல சொன்னாங்க, நானும் சொன்னேன். கொஞ்ச நாள்ல அம்மாவே சொல்ல ஆரம்பிச்சாங்க, அது தான் எனக்கு இப்போ நினைச்சா வயித்தப் பெசையுது.

அந்த வருஷம் தைப்பூசத்துலயே எனக்கு உறைச்சிருக்கணும். கோவிட்டால ரெண்டு வருஷம் நின்னு போன நடை ஊர்வலம் அந்த பிப்ரவரியில தான் திரும்ப ஆரம்பிச்சுது. அம்மா எத்தனையோ வருஷமா பால்குடம் எடுக்கறவங்க, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு வரைக்கும் வெறுங்கால்ல நடந்து போய் பால் சேர்த்துட்டு வந்து, அதுக்கப்பறமும் வீட்டுல சமைப்பாங்க. 2023ல பாதி தூரத்துல நின்னுட்டாங்க. "கால் வரலடி"ன்னாங்க. வலிக்குதுன்னு சொல்லல, மூச்சு வாங்குதுன்னு சொல்லல, "வரல"ன்னாங்க. குடத்த நான் வாங்கிக்கிட்டேன், நிழல்ல உக்கார வச்சோம். முருகனுக்கு எடுத்த குடத்த முடிக்க முடியலயேன்னு வழியெல்லாம் அழுதாங்க.

பக்கத்துல ஒரு கிளினிக்ல காமிச்சோம். ரத்தம் எடுத்தாங்க, கொலஸ்ட்ரால் ஜாஸ்தி, எண்ணெயக் குறைங்க ஆன்ட்டி, வெயிட்ட குறைங்க, வயசாகுதுல்ல, அவ்ளோ தான். ஏழு நிமிஷம் கூட ஆகல. ஏன் திடீர்னு கொலஸ்ட்ரால் ஏறுச்சுன்னு அவரும் யோசிக்கல, நாங்களும் கேக்கல.

ஆகஸ்ட்ல பாலிகிளினிக்ல கொலஸ்ட்ரால் ஃபாலோ அப்புக்குப் போனப்ப ஒரு சின்ன வயசு டாக்டர். அம்மா உள்ள நடந்து வந்து சேர்ல உக்கார்ற வரைக்கும் கம்ப்யூட்டரப் பாக்காம அம்மாவையே பாத்தாங்க. குளிருதான்னு கேட்டாங்க, மலச்சிக்கல் இருக்கான்னு கேட்டாங்க. அப்பறம் அம்மாவ நாற்காலி மேல முட்டி போட்டு, பாதம் வெளிய தொங்கற மாதிரி நிக்கச் சொல்லி, குதிகாலுக்கு மேல இருக்கிற தசைநார்ல சின்ன ரப்பர் சுத்தியலால ஒரு தட்டு தட்டினாங்க. பாதம் சட்டுனு கீழ அசைஞ்சுது. ஆனா திரும்பி வரல. வந்துச்சு, ஆனா நிதானமா, தூக்கத்துல இருக்கிற ஆளு கைய இழுத்துக்கற மாதிரி மெதுவா. டாக்டர் என்னக் கூப்பிட்டு "இங்க பாருங்க"ன்னு இன்னொரு தடவ தட்டிக் காமிச்சாங்க. புருவத்தையும் காமிச்சாங்க, வெளி ஓரத்துல மூணுல ஒரு பங்கு முடியே இல்ல, தினம் அந்த முகத்தப் பாக்கற எனக்கு அது கண்ணுலயே பட்டதில்ல. தைராய்டா இருக்கலாம்னு சொல்லி ரத்தம் எடுக்க அனுப்பினாங்க.

ரிசல்ட் வந்தப்ப டிஎஸ்எச் 68. பக்கத்துலயே சாதாரண அளவும் போட்டிருந்துச்சு, ஏறக்குறைய 0.4லேருந்து 4 வரைக்கும். நான் பாத்ததும் நினைச்சது, ஐயோ தைராய்டு ஓவரா வேல செய்யுது போலன்னு. உண்மை நேர் தலைகீழ். டிஎஸ்எச் தைராய்டு சுரக்கறது இல்ல, மூளைக்கு அடியில, மூக்குக்கு நேர் பின்னால, ஒரு பட்டாணி அளவுக்கு பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு, அரை கிராம் கூட தேறுமா தேறாதான்னு சொல்ற எடை, அது தைராய்டுக்கு போடற சத்தம் தான் டிஎஸ்எச். இத அம்மாவுக்கு எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சு கடைசியில வீட்டுல தினம் நடக்கறதயே சொன்னேன். காலைல என் பையன ஸ்கூலுக்கு எழுப்பறது அம்மா தான். கிச்சன்லேருந்து முதல்ல மெதுவா "கண்ணா"ம்பாங்க. அசையலன்னா "டேய்"ம்பாங்க. அப்பறம் பேரச் சொல்லி பக்கத்து வீடு வரைக்கும் கேக்கற மாதிரி ஒரு கத்தல். பாத்ரூம்ல பைப் தொறக்கற சத்தம் கேட்டதும் நிறுத்திருவாங்க. அதே தான்மா இதுவும். பிட்யூட்டரி கத்துது, தைராய்டு எழுந்து ஹார்மோன ரத்தத்துல விட்டா அந்த ஹார்மோனே திரும்ப மேல போய் பைப் சத்தம் மாதிரி கேக்கும், உடனே பிட்யூட்டரி கத்தறத குறைச்சுக்கும். உனக்கு 68 வரைக்கும் கத்தியிருக்கு, உள்ள ஆள் எழுந்திருக்கவே இல்ல. அம்மா கேட்டுக்கிட்டே இருந்துட்டு "பாவம், அதுக்கு என்ன உடம்புக்கோ"ன்னாங்க.

இந்தக் கத்தலுக்கும் மேல ஒருத்தர் உண்டு, ஹைப்போதலாமஸ், மணியப் பாத்து "எழுப்புடி, நேரமாச்சு"ன்னு அம்மாவ முடுக்கற பாட்டி மாதிரி பிட்யூட்டரிய முடுக்கறது. இப்படி மூணு அடுக்கா ஒண்ண ஒண்ணு கேட்டு ஓடற ஏற்பாடு தைராய்டுக்கு மட்டுமில்ல, கிட்னி மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கிற அட்ரினல் சுரப்பியோட கார்ட்டிசாலுக்கும் இருக்கு, ஆண் பெண் ஹார்மோன்களுக்கும் இருக்கு. ஒயர் கிடையாது, எல்லாமே ரத்தம் வழியா போற சேதி. உடம்புக்குள்ள சேதி போறதே நரம்பு வழியா மட்டும் தான்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, 1902ல லண்டன்ல பெய்லிஸ், ஸ்டார்லிங்னு ரெண்டு பேர் குடலுக்குப் போற நரம்ப எல்லாம் வெட்டிட்டுப் பாத்தாலும் கணையம் சுரக்குதுன்னு காமிச்சாங்க, 1905ல ஸ்டார்லிங் தான் ஹார்மோன்கற பேர முதல்ல சொன்னது, தூண்டி விடறதுன்னு அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல்லுலேருந்து.

என்ன அசர வச்சது அளவு தான். நல்லா இருக்கிற தைராய்டு ஒரு நாளைக்கு சுரக்கற தைராக்சின் கிட்டத்தட்ட 80லேருந்து 100 மைக்ரோகிராம். ஒரு கிராம பத்து லட்சமா பிரிச்சா வர்றது ஒரு மைக்ரோகிராம். 365ஆல பெருக்கிப் பாத்தேன், வருஷம் முழுக்க சேத்தாலும் 30, 36 மில்லிகிராம், அதாவது ஒரு அரிசி மணிய விட கொஞ்சம் கூட. ஒரு வருஷத்துக்கு ஒண்ணோ ஒண்ணரையோ அரிசி மணி. அது கிடைக்காம போனதுல தான் இருபது வருஷம் கேன்டீன் நடத்துன பொம்பள பாதி வழியில நின்னுட்டாங்க.

அதுக்கப்பறம் ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சேன், ஒவ்வொண்ணா அம்மாவோட பொருந்துச்சு. தைராக்சின்ல நாலு அயோடின் அணு, உடம்பு அதுல ஒண்ணக் கழட்டிட்டு மூணா ஆக்குது, அந்த மூணு அயோடின் உள்ளது தான் செல்லுக்குள்ள போய் எந்த வேலைய எவ்ளோ வேகமா செய்யணும்னு முடிவு பண்றது. அது குறைஞ்சா செல் எரிக்கறது குறையும், எரிச்சா வர்ற சூடும் குறையும், அதான் 37 டிகிரி வெயில்லயும் ஸ்வெட்டர். இதயம் மெதுவா அடிக்கும், அம்மாவுக்கு நிமிஷத்துக்கு 54 இருந்துச்சு. குடல் மெதுவா நகரும். கல்லீரல் ரத்தத்துலேருந்து கெட்ட கொலஸ்ட்ரால இழுத்து உள்ள எடுத்துக்கறது குறைஞ்சு போகும், அதனால அது ரத்தத்துலயே தேங்கும். அந்தக் கொலஸ்ட்ரால் நம்பர் எண்ணெயால வந்தது இல்ல, அம்மா அதுக்காக ஆறு மாசம் தாளிக்காத ரசம் சாப்பிட்டாங்க. தோலுக்கு அடியில தண்ணியப் பிடிச்சு வைக்கிற ஒரு வகை சர்க்கரைப் பொருள் சேரும், முகம் ஊதறது அதனால, குரல்வளையிலயும் அதே வீக்கம் தான், பெரியம்மாவுக்கு மாப்பிள்ளை குரல் கேட்டது அதனால.

சொகுசுன்னு ஒரு வார்த்தையில நாங்க எழுதி முடிச்சதுக்குப் பின்னால இவ்ளோ நடந்துக்கிட்டு இருந்திருக்கு.

அம்மாவுக்கு வந்தது ஹாஷிமோட்டோ. உடம்போட காவல் படையே தைராய்ட எதிரின்னு நினைச்சு கொஞ்சம் கொஞ்சமா அழிக்கறது, பொம்பளைங்களுக்குத் தான் பல மடங்கு அதிகமா வரும். ஹகாரு ஹாஷிமோட்டோங்கற ஜப்பான் டாக்டர், நடு வயசுப் பெண்கள் நாலு பேரோட தைராய்ட மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு 1912ல ஜெர்மன் மொழிப் பத்திரிகையில எழுதினார், ரொம்ப வருஷம் யாரும் பெருசா கண்டுக்கல. அவர் சொந்த ஊருக்கே திரும்பிப் போய் அங்க டாக்டரா இருந்து 1934ல டைஃபாய்டுல செத்துப் போனார். தன் பேர் உலகம் முழுக்க ஆஸ்பத்திரி ஃபைல்ல வரும்னு தெரியாமலே போயிட்டார்.

அயோடின் பத்தியும் நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் இருக்கார். முன்ன எல்லாம் இமயமலை அடிவாரத்துல கழுத்துக் கழலை ஊர் ஊரா இருந்துச்சு, மண்ணுல அயோடின் இல்ல, மழையும் பனியும் அடிச்சுட்டுப் போயிருக்கு, சாப்பாட்டுல அயோடின் இல்லாம தைராய்டு வீங்கிப் பெருத்துருது. ஆந்திராவுல பொறந்த டாக்டர் ராமலிங்கசுவாமி காங்ரா பள்ளத்தாக்குல உப்புல அயோடின் கலந்து குடுத்துப் பாத்தாங்க, கழலை குறைஞ்சுது. இந்தியா 1962ல அதுக்குன்னே தேசிய திட்டம் ஆரம்பிச்சுது. நம்ம கிச்சன்ல இருக்கிற அயோடின் உப்பு பாக்கெட்டுக்குப் பின்னால இப்படி ஒரு கதை இருக்கு.

அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச கதை வேற. 1891ல இங்கிலாந்துல நியூகாசல்ங்கற ஊர்ல ஜார்ஜ் மர்ரேன்னு ஒரு டாக்டர், இதே மாதிரி தைராய்டு செத்துப் போய் முகம் ஊதி, பேச்சு மந்தமாகி, குளிருதுன்னு சொன்ன 46 வயசு அம்மாவுக்கு ஆட்டோட தைராய்ட சாறு எடுத்து ஊசி போட்டார். அந்தம்மா தேறி, அப்பறம் 28 வருஷம் உயிரோட இருந்து 74 வயசுல தான் போனாங்க. இத நான் தேக்காவுல மட்டன் கடை முன்னால நின்னுகிட்டு சொன்னேன், அம்மா கழுத்தத் தொட்டுக்கிட்டு தொங்கற ஆட்டயே பாத்தாங்க. "இதோட கழுத்துலயும் அதே தானா?"ன்னாங்க. அதே தான்மா, ஆட்டுக்கும் நமக்கும் அந்த ஹார்மோன் ஒண்ணு தான். கொஞ்ச நேரம் கழிச்சு "அந்தம்மாவையும் சோம்பேறின்னு தான் சொல்லியிருப்பாங்க"ன்னாங்க. எனக்குப் பதில் சொல்ல வாய் வரல.

மருந்து லெவோதைராக்சின். வயசானவங்களுக்கு இதயம் திடீர்னு வேகம் எடுத்துரக்கூடாதுன்னு 25 மைக்ரோகிராம்ல ஆரம்பிச்சாங்க. உடனே ஒண்ணும் நடக்காது, தைராக்சின் ரத்தத்துல பாதியாக் குறையவே ஒரு வாரம் ஆகும், அவ்ளோ நிதானமான ஹார்மோன், அதனால டோஸ் மாத்துனா ஆறு எட்டு வாரம் கழிச்சு தான் டெஸ்ட். டோஸ ஏத்துனாங்க, எட்டு வாரம் கழிச்சுப் பாத்தா டிஎஸ்எச் 41. இன்னும் ஏத்துனாங்க, பெருசா இறங்கல. திரும்பவும் வீட்டுல முணுமுணுப்பு, மாத்திரைய ஒழுங்காப் போடறதில்லன்னு. ஆனா அம்மா ஒரு நாள் விடல, டப்பா காலியாகறத நானே எண்ணிப் பாத்தேன்.

கண்டுபிடிச்சது மருந்து குடுக்கற கவுன்ட்டர்ல இருந்த அக்கா. "ஆன்ட்டி, எப்படி சாப்பிடறீங்க, எனக்குச் செஞ்சு காட்டுங்க"ன்னு கேட்டாங்க. அம்மா கைய நீட்டி, மேஜை மேல இல்லாத டம்ளர எடுத்து அப்படியே நடிச்சுக் காமிச்சாங்க. காலைல காப்பி ஒரு வாய், தைராய்டு மாத்திரை, இன்னொரு வாய், எலும்புக்குக் குடுத்த கால்சியம் மாத்திரை, மிச்சக் காப்பி. எல்லாம் ஒரே மூச்சுல, ஒழுங்கா, தினமும். அந்தக்கா சொன்னாங்க, கால்சியம் இந்த மாத்திரையக் குடல்லயே புடிச்சு வச்சுக்கும், ரத்தத்துக்குப் போக விடாது, இரும்புச் சத்து மாத்திரையும் அப்படித் தான், குறைஞ்சது நாலு மணி நேரம் இடைவெளி வேணும். காப்பியும் உறிஞ்சறத குறைக்கும், வெறும் வயித்துல தண்ணியோட போட்டுட்டு அரை மணி நேரத்துலேருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் காத்திருக்கணும். இதப் படிக்கிறவங்க வீட்டுல யாராவது இந்த மாத்திரை போட்டா தயவு செஞ்சு இன்னிக்கே கேட்டுப் பாருங்க, எத்தன மணிக்கு, எதோட சேத்து போடறாங்கன்னு. டோஸ நீங்களா கூட்டவோ குறைக்கவோ வேணாம், அது டாக்டர் வேல.

அப்போலேருந்து அஞ்சே காலுக்கு மாத்திரை, ஆறே காலுக்கு காப்பி, கால்சியம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம். டிஎஸ்எச் திடுதிடுன்னு இறங்குச்சு, டோஸக் கூட கொஞ்சம் குறைக்க வேண்டி வந்துச்சு. 2024 நடுவுல 3.1.

இதுக்கு நடுவுல அப்பா கதை. அவருக்கு பதினஞ்சு வருஷமா சக்கரை. சிங்கப்பூர்ல 2016லயே சுகாதார அமைச்சு நீரிழிவு மேல போர்னு அறிவிச்சாங்க, இந்தியர்கள் நமக்கு அது ரொம்ப அதிகம்னு எல்லாருக்கும் தெரியும், பாக்கெட் பானத்துல இப்போ ஏ, பி, சி, டின்னு கிரேடு ஒட்டறதும் அதுக்குத் தான். அப்பா கோப்பிக் கடையில தே ஓ கோசோங், அதாவது பாலும் சக்கரையும் போடாத டீ, அது தவிர வேற கேக்கறதே இல்ல. நம்ம உடம்புல ஓடற அஞ்சு லிட்டர் ரத்தத்துல மொத்தமா இருக்க வேண்டிய சக்கரையே ஒரு டீஸ்பூன் தான்னு நான் சொன்னதுலேருந்து கண்டென்ஸ்டு மில்க் டப்பாவயே பாக்க மாட்டார். அப்படி இருந்தும் ராத்திரி படுக்கறப்ப சக்கரை 6.8 (இங்க மில்லிமோல் கணக்கு, ஊர்க் கணக்குல 122 மாதிரி), காலைல ஒண்ணும் சாப்பிடாம பாத்தா 8.4 (151 மாதிரி). அம்மாவுக்கு சந்தேகம் வந்துருச்சு. முறுக்கு டப்பா மேல யாருக்கும் தெரியாம ஒரு நூல் வச்சு மூடி வச்சாங்க. அப்பாவுக்கு அது தெரிஞ்சு ரெண்டு நாள் பேச்சு வார்த்தை இல்ல.

அம்மாவுக்கு நடந்தது எனக்கு அப்போ தான் ஆறியும் ஆறாம இருந்துச்சு, இன்னொரு தடவ வீட்டுல ஒரு ஆள திருடன் ஆக்கக்கூடாதுன்னு டாக்டர் கிட்ட கேட்டேன், விடிகாலை மூணு மணிக்கு ஒரு தடவ பாருங்கன்னார். அலாரம் வச்சு எழுந்தோம். அப்பா கட்டில் ஓரத்துல உக்காந்து விரல நீட்ட, அம்மா டார்ச் புடிக்க, நான் குத்துனேன். 6.5. ஆறரை மணிக்கு 8.2. அந்த மூணரை மணி நேரமும் அப்பா எங்க கண்ணு முன்னாடி தான் தூங்குனார், அம்மா அப்பறம் படுக்கவே இல்ல. விடியறதுக்கு முன்னாடி உடம்பு எழுந்திருக்கத் தயாராகுது, கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறும், கல்லீரல் தன் கையிருப்புலேருந்து சக்கரைய ரத்தத்துல எறக்கி விடும். எல்லாருக்கும் நடக்கறது தான், மத்தவங்களுக்கு கணையம் அதுக்கேத்த இன்சுலின விட்டு சமாளிச்சுரும், அப்பாவோட கணையத்துக்கு அந்தத் தெம்பு இல்ல. அம்மா மீட்டர ரெண்டு தடவ பாத்தாங்க. நேரா கிச்சனுக்குப் போய் முறுக்கு டப்பாவ எடுத்து அந்த நூல பிச்சு குப்பையில போட்டாங்க. "எனக்குப் பண்ணதயே நான் உங்களுக்குப் பண்ணிட்டேங்க"ன்னாங்க. அப்பா "சரி விடு, ஒரு தே ஓ போடு"ன்னார்.

என் பையன் விஷயம் இன்னும் முடியல. 15 வயசு, ராத்திரி பன்னெண்டு வரைக்கும் தூக்கம் வரலம்பான், காலைல ஏழரைக்கு ஸ்கூல். அந்த வயசுல மெலட்டோனின் சுரக்கற நேரமே தள்ளிப் போகும்னு படிச்சிருக்கேன், போன் வெளிச்சம் அத இன்னும் தள்ளி விடும், அதனால போன ஹால்ல வச்சுட்டுப் போகச் சொல்லிட்டேன், ஆனா சோம்பேறிங்கற வார்த்தைய அவன் மேல போடறத நிறுத்திட்டேன். நாக்கு நுனி வரைக்கும் வரும், முழுங்கிருவேன்.

2025 தைப்பூசத்துக்கு அம்மா டாக்டர் கிட்ட கேட்டுட்டு பால்குடம் எடுத்தாங்க. நான் பின்னாலயே தண்ணி பாட்டிலோட நடந்தேன், 2023ல உக்கார வச்ச அதே இடம் வந்தப்ப எனக்குத் தான் கால் நின்னுச்சு, அவங்க திரும்பிக் கூட பாக்கல, போயிக்கிட்டே இருந்தாங்க.

இன்னிக்குக் காலைல கூட ஆறு மணிக்கு நான் படுக்கையிலயே கேட்டுக்கிட்டு இருந்தேன். முதல்ல "கண்ணா". கொஞ்ச நேரம் சத்தம் இல்ல. "டேய்." அப்பறம் பேர முழுசாச் சொல்லி ஒரு கத்தல், கணீர்னு, கட்டையெல்லாம் போய் பழைய கேன்டீன் குரல், பக்கத்து வீட்டு நாய் கூட குரைச்சுது. பாத்ரூம்ல பைப் தொறக்கற சத்தம் வந்துச்சு. அம்மா நிறுத்திட்டாங்க.